கேப் ரிவால்வர் சேகரிப்பு: வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரம் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஊர். அந்தக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்க வந்த தமிழர் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆபீசுக்குப் போகும் வழியில் 91ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பழைய ஆலை நிற்கும். உச்சியில் நீலக் கூம்பு, வெங்காய வடிவம், உடம்பெல்லாம் தங்க நட்சத்திரங்கள். மசூதியா, ரஷ்யக் கோயிலா என்று முதல் மாதம் முழுக்க யோசித்தேன். சாமுவேல் கோல்ட் கட்டிய துப்பாக்கி ஆலை அது. அதைத் தினமும் பார்த்துப் பார்த்துப் பிடித்த கிறுக்குதான் இந்தச் சேகரிப்பு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணாடி அலமாரி முன்னால் நின்று கேட்பதையெல்லாம் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேப் என்றால், தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கிற அந்தக் கேப்பா?

சொந்தம் உண்டு, மருந்துதான் வேறு. ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்று ஒரு பாதிரியார் இருந்தார். வேட்டைப் பிரியர். அந்தக் காலத் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் பொறி தட்டி, அந்தப் பொறி மருந்தில் விழுந்து, அப்புறம்தான் குண்டு கிளம்பும். அதற்குள் பறவை பறந்துவிடும். அடித்தால் உடனே வெடிக்கிற மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்த அவர் வழி கண்டுபிடித்து 1807ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த பதினைந்து வருடத்துக்குள் அந்த மருந்து சின்னஞ்சிறு செப்புக் குப்பிக்குள் அடங்கிவிட்டது. அந்தக் குப்பிதான் கேப்.

ரிவால்வரில், குண்டு போடும் அறைகள் கொண்ட சுழலும் உருளையின் பின்பக்கம் ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறு காம்பு இருக்கும், நிப்பிள் என்பார்கள். அதன் தலையில் கேப்பைச் செருக வேண்டும். சுத்தி விழுந்தால் கேப் வெடித்து, நெருப்பு காம்பின் துளை வழியே அறைக்குள் போகும். மருந்தும் குண்டும் ஒன்றாக அடங்கிய உலோகத் தோட்டா கிடையாது. மலைப்பக்கத்து நாட்டுத் துப்பாக்கியில் குழல் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்துக் கெட்டிப்பார்கள் அல்லவா, இதிலும் அதே வேலைதான். ஆனால் குழலில் இல்லை, உருளையின் ஐந்து அறைகளிலும் தனித்தனியாக.

பாக்கெட் ரிவால்வர் என்கிறீர்கள். சட்டைப்பையில் அடங்குமா?

அடங்காது. கோட்டுப் பைக்கென்று செய்தது. நான் அதிகம் பேசப்போகிற 1849 மாடல் கோல்ட் கிட்டத்தட்ட முக்கால் கிலோ எடை. குதிரைச் சேணத்தில் தொங்கவிட்ட இரண்டு கிலோ ராட்சதத் துப்பாக்கிகளோடு ஒப்பிட்டுத்தான் இதற்குப் பாக்கெட் என்று பெயர்.

கோல்ட்தான் ரிவால்வரைக் கண்டுபிடித்தாரா?

சுழலும் துப்பாக்கி அவருக்கு முன்பே இருந்தது. சுத்தியைப் பின்னால் இழுக்கும்போதே உருளை ஓர் அறை தள்ளித் திரும்பிப் பூட்டிக்கொள்கிற ஏற்பாட்டை உருப்படியாகச் செய்து, 1836ல் அமெரிக்கக் காப்புரிமை எடுத்தவர் கோல்ட். அதைவிடப் பெரிய வேலை, ஆயிரக்கணக்கில் இயந்திரத்தால் செய்து விற்றுக் காட்டியது. அதுவும் உடனே நடக்கவில்லை. நியூஜெர்சியின் பேட்டர்சனில் அவர் தொடங்கிய முதல் ஆலை 1842ல் மூடப்பட்டது. மெக்சிகோ போர் வந்து, ராணுவம் ஆர்டர் கொடுத்த பிறகுதான் 1847ல் மறுபடி தலையெடுத்தார்.

இந்த வகை எத்தனை வருடம் ஓடியது?

பாக்கெட் அளவில் பார்த்தால் 1840களின் கடைசியிலிருந்து 1870களின் தொடக்கம் வரை. நியாயமாகப் பார்த்தால் இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் ஒரு காகிதம்.

ரோலின் ஒயிட் என்பவர் 1855 ஏப்ரல் 3 அன்று ஒரு காப்புரிமை வாங்கினார். உருளையின் அறைகளை முன்னிருந்து பின் வரை முழுத் துளையாகக் குடைவது பற்றியது அது. பின்பக்கமாகத் தோட்டா போட அதுதான் ஒரே வழி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அந்த உரிமையைத் துப்பாக்கிக்கு 25 சென்ட் என்று பேசி வாங்கி, 1857ல் தோட்டா போடும் சிறிய ரிவால்வரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தில் ஒரு கண்ணி இருந்தது: யாராவது காப்பியடித்தால் வழக்கு நடத்த வேண்டியவர் ஒயிட். வந்த காசில் பெரும்பங்கை வக்கீல்கள் கொண்டுபோனார்கள். 1869ல் காலம் முடிந்ததும் நீட்டித்துத் தரக் கேட்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வரை போனார். ஜனாதிபதி கிராண்ட் ஒப்புதல் தர மறுத்துவிட்டார்.

அந்தப் பன்னிரண்டு வருடமும் அமெரிக்காவில் மற்ற எல்லாரும் கேப்பையும் கருமருந்தையும் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருந்தது. தொழில்நுட்பம் வந்துவிட்டது, செய்ய அனுமதி இல்லை. என் அலமாரியில் பாதி அந்தப் பன்னிரண்டு வருடத்தின் சரக்கு.

புதிதாகத் தொடங்குகிறவர் எதை வாங்கலாம்?

கண்ணை மூடிக்கொண்டு 1849 மாடல் கோல்ட் பாக்கெட் என்பேன். (வாங்கும்போது கண்ணைத் திறந்துகொள்ளுங்கள்.)

1850ல் தொடங்கி 1873 வரை செய்தார்கள். மூன்று லட்சத்துக்கு மேல். கோல்ட் செய்த கேப் ரிவால்வர்களில் வேறு எதுவும் இந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. படத்தில் எல்லாரும் இடுப்பில் சொருகியிருக்கும் 1851 நேவி மாடலே இரண்டு லட்சத்துச் சொச்சம்தான். சேகரிப்பவர்கள் பெருமூச்சு விடும் 1847 வாக்கர் ஆயிரத்து நூறு அளவில்தான் செய்யப்பட்டது. வாக்கரை ராணுவம் வாங்கியது. 1849ஐ வாங்கியது கடைக்காரர், வண்டிக்காரர், கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிக் கப்பலேறியவர், இரவில் தனியாகத் திரும்பும் வைத்தியர். உள்நாட்டுப் போர் தொடங்கியபோது படைக்குப் போன பையன்கள் பலர் சொந்தக் காசில் ஒன்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். எனக்கு இந்த மாடல் பிடிக்கக் காரணமே அதுதான். சாமானியர் கையில் தேய்ந்தது.

குழலின் துளை 0.31 அங்குலம். பெரும்பாலும் ஐந்து அறை, பின்னால் ஆறு அறையும் வந்தது. குழல் நீளம் 3, 4, 5, 6 அங்குலம். குழலுக்கு அடியில், குண்டை அறைக்குள் அழுத்தும் நெம்புகோல் மடங்கிக் கிடக்கும். விசைக் காப்பு வளையமும் கைப்பிடியின் முதுகும் பித்தளை, மேலே வெள்ளி முலாம். சட்டமும் சுத்தியும் எலும்புக்கரியில் புதைத்துச் சூடாக்கிக் குளிர்வித்தவை. அந்த முறையில் இரும்பின் மேல் நீலமும் பழுப்பும் சாம்பலும் மேகம் போலப் படியும். வெளிச்சம் பட்டுப் பட்டு அது வெளுத்துவிடும். எனவே பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்த மேகத்தைச் சட்டத்தின் மறைவான மூலைகளில்தான் தேட வேண்டும்.

உருளையில் ஒரு படம் உண்டு. குதிரை வண்டியைக் கொள்ளையர் மறிக்கும் காட்சி. வரைந்து செதுக்கியவர் நியூயார்க்கின் டபிள்யூ. எல். ஓர்ம்ஸ்பி. அவருடைய தொழில் பண நோட்டு அச்சுக்குத் தகடு செதுக்குவது. கள்ள நோட்டுக்காரனைத் திணறடிக்கும் அந்த நுணுக்கம் தன் துப்பாக்கியிலும் இருக்க வேண்டும் என்று கோல்ட் அவரைப் பிடித்தார். எஃகு உருளையில் செதுக்கிய படத்தைத் துப்பாக்கியின் உருளைமேல் அழுத்தி உருட்டி எடுத்தார்கள். பதிவு ஆழமில்லாதது. பையில் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து முதலில் அழிவது அந்தப் படம்தான். இன்று விலையைத் தீர்மானிப்பதில் பாதி, அந்த வண்டியும் குதிரைகளும் எவ்வளவு மிச்சம் என்பதில் இருக்கிறது.

பேபி டிரகூன், வெல்ஸ் ஃபார்கோ என்றெல்லாம் சொல்கிறார்களே?

1849க்கு மூத்தது 1848 மாடல். குதிரைப்படைக்கான பெரிய டிரகூன் துப்பாக்கியைச் சுருக்கியது போல இருப்பதால் பேபி டிரகூன். ஏறக்குறைய 15,000 செய்தார்கள். பெரும்பாலானவற்றில் நெம்புகோல் கிடையாது. விசைக் காப்பின் பின்பக்கம் சதுரமாக இருக்கும். நெம்புகோல் இல்லாத குட்டைக் குழல் 1849க்கு வெல்ஸ் ஃபார்கோ என்று பெயர். இரண்டுமே பிற்காலச் சேகரிப்பாளர் வைத்த செல்லப்பெயர்கள். பெயருக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள், அதனால் போலியும் இந்த இரண்டில்தான் அதிகம். முதல் வாங்கலுக்கு வேண்டாம்.

கோல்ட் தவிர?

நிறைய. கோல்ட்டின் அடிப்படைக் காப்புரிமை 1857ல் முடிந்ததும் திறந்துவிட்ட மடை போல ஆளாளுக்குச் செய்யத் தொடங்கினார்கள். நியூஜெர்சியின் நியூவர்க்கில் மன்ஹாட்டன் கம்பெனி செய்தவை முதல் பார்வைக்குக் கோல்ட் போலவே இருக்கும், சில இடங்களில் அதைவிட நயம். அறைகளுக்கு நடுவிலும் பூட்டுக் குழி வெட்டியிருப்பார்கள். கேப்பின் மேல் சுத்தியை வைக்காமல் நடுவில் நிறுத்திப் பத்திரமாகக் கொண்டுபோகலாம். ரெமிங்டன் பாக்கெட்டுகளில் உருளைக்கு மேலேயும் இரும்புச் சட்டம் ஓடும். கோல்ட்டில் மேலே திறந்தவெளி, குழலைப் பிடித்து வைத்திருப்பது ஓர் ஆப்பு மட்டுமே. கோல்ட்டும் 1855ல் தன் ஆலை மேற்பார்வையாளர் எலிஷா ரூட்டின் கைவண்ணத்தில் மேல்சட்டம் உள்ள ஒரு பாக்கெட் செய்தது. சுத்தி பக்கவாட்டில் இருக்கும். பார்க்க விசித்திரம், விலை சகாயம். 1860களில் வந்த போலீஸ் மாடல், 1849இன் சட்டத்திலேயே 0.36 அங்குலக் குண்டு போகும்படி செய்தது. உருளையின் முன்பாதியைப் பெருக்க வைத்து, பின்பாதியை ஒடுக்கிச் சட்டத்துக்குள் அடக்கியிருப்பார்கள். அழகு என்று பார்த்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

இங்கிலாந்துச் சரக்கு தனி உலகம். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் கோல்ட்டும் ராபர்ட் ஆடம்ஸும் எதிரெதிரே நின்றார்கள். ஆடம்ஸ் துப்பாக்கியில் சுத்தியைக் கட்டை விரலால் இழுக்க வேண்டாம், விசையை அழுத்தினாலே எல்லாம் நடக்கும். விரலாலும் இழுக்கலாம், விசையாலும் இயக்கலாம் என்ற வசதியை 1856ல் பியூமான்ட் என்ற ராணுவ அதிகாரி சேர்த்தார். கோல்ட் 1853ல் லண்டனிலேயே ஆலை போட்டுப் பார்த்து, சில வருடங்களில் மூட்டை கட்டினார். அங்கே செய்த 1849கள் சுமார் 11,000. குழலில் லண்டன் விலாசம் இருக்கும், வரிசை எண்ணும் தனி.

ஆங்கிலத் துப்பாக்கியின் அளவை அங்குலத்தில் தேடாதீர்கள். 54 போர், 120 போர் என்று போட்டிருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தில் அத்தனை குண்டு வார்க்கலாம் என்று பொருள். எண் கூடக் கூடக் குண்டு சிறுக்கும். நம் ஊரில் 12 போர் என்று சொல்கிற கணக்கும் இதுவே.

வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் எண்கள். கோல்ட் ஒரே வரிசை எண்ணைக் குழலின் அடி, சட்டம், விசைக் காப்பு, பிடியின் முதுகு, உருளை, ஆப்பு என்று பல இடங்களில் குத்தியது. எல்லாம் ஒத்திருந்தால் அது ஒரே உடம்பு. ஆப்பு மட்டும் மாறியிருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன், தொலைகிற பொருள். உருளை மாறியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பேன். சட்டமும் குழலும் வேறு வேறு என்றால் கும்பிடு போட்டுவிட்டுத் துப்பாக்கிக் கண்காட்சியின் அடுத்த மேசைக்குப் போய்விடுவேன். எண்ணே கொஞ்சம் புதிதாக, சுற்றிலும் உலோகம் பள்ளமாகத் தெரிந்தால் யாரோ பழையதை அரைத்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள்.

அடுத்து விளிம்புகள். 1849இன் குழல் எட்டுப் பட்டை. பட்டைகள் சந்திக்கும் இடம் கத்தி போல இருக்க வேண்டும். அது உருண்டிருந்து, மேலே நீலப்பூச்சு (துருவைத் தடுக்க இரும்பில் ஏற்றும் கருநீலம்) மட்டும் பளபளவென்று இருந்தால் என்ன அர்த்தம்? துருவை அரத்தாலும் எமரியாலும் எடுத்துவிட்டு மறுபடி நீலம் ஏற்றியிருக்கிறார்கள். பூச்சு தேய்வதற்கு முன் விளிம்பு தேயவே தேயாது. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி ஏமாற்று பிடிபடும்.

குழலின் மேல் விலாச எழுத்து. நியூயார்க் விலாசம் இருந்தால் நியூயார்க்கில் செய்தது என்று நினைக்க வேண்டாம், செய்தது ஹார்ட்ஃபோர்டில்தான். நியூயார்க் பெயருக்கு மவுசு. எழுத்து குழலின் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் குழலை வெட்டிக் குறைத்திருக்கலாம். முனையில், குறி பார்ப்பதற்கான பித்தளைக் குமிழ் இருக்க வேண்டும். பின் குறி எங்கே என்று தேடாதீர்கள். சுத்தியின் உதட்டில் ஒரு வெட்டு இருக்கும், சுத்தியை இழுத்தால்தான் அது கண்ணுக்கு நேரே வரும்.

திருகுகளின் தலை கிழிந்திருந்தால் தெரியாதவர் கை பட்டிருக்கிறது. சுத்தியை மெதுவாக, விற்பவரிடம் கேட்டுவிட்டு, இழுத்துப் பாருங்கள். பாதியில் ஒன்று, முழுதாக ஒன்று என இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். உருளை சரியாகப் பூட்ட வேண்டும். வெறுமனே விசையைத் தட்டிச் சுத்தியை விழவிடாதீர்கள். நூற்றைம்பது வருடத்து நிப்பிள் உடையும், விற்பவர் முகமும் மாறும்.

கறுத்துக் கிடக்கிறதே, நன்றாகத் தேய்த்து வைக்கக் கூடாதா?

கூடாது. எத்தனை முறை சொன்னாலும் போதாத பதில் இது, சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் வாங்கிய முதல் 1849. இரும்பெல்லாம் சாக்லேட் பழுப்பு, விசைக் காப்பும் பிடி முதுகும் அட்டைக் கறுப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பித்தளை என்று தெரியும். பித்தளை கறுத்தால் நம் வீட்டில் என்ன செய்வோம்? குத்துவிளக்குக்குச் செய்வதைச் செய்தேன். புளியைக் கரைத்து, கொஞ்சம் உப்புச் சேர்த்து, தேங்காய் நாரால் அரை மணி நேரம். கார்த்திகைக்கு ஏற்றலாம் போல மின்னியது. பெருமையாக அடுத்த கண்காட்சிக்கு எடுத்துப்போய், எனக்கு விற்ற பெரியவரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தக் கறுப்புதான் வெள்ளி என்றார்.

கறுத்துப்போன வெள்ளி முலாம். ஆலையில் ஏற்றியது, 1850களிலிருந்து தப்பி வந்தது. அதைப் புளி போட்டுக் கழுவிச் சாக்கடையில் விட்டிருக்கிறேன். இன்றும் அந்தத் துப்பாக்கியின் காப்பு வளையத்தின் உள்மூலையில், நார் எட்டாத இடத்தில், நகக்கண் அளவு கறுப்பு இருக்கிறது. வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

பழுப்பு என்பது அழுக்கு அல்ல, நிதானமாக, சீராகப் படிந்த பழைய துரு. அது கீழே உள்ள இரும்பை ஓரளவு மூடியும் வைக்கிறது. செந்நிறத்தில், தொட்டால் விரலில் ஒட்டுகிற துருதான் எதிரி. அதற்கும் எண்ணெய் தடவி ஊறவிட்டு, மென்மையான துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவாக்கிய ரெனைசன்ஸ் வாக்ஸ் என்ற மெழுகை மெல்லியதாகப் பூசலாம். அதற்கு மேல் உங்கள் கை செய்கிற எதுவும் விலையைக் குறைக்கும். புளி குறைத்த மாதிரி.

போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வகை. ஒன்று, உண்மையான பழசைத் திருத்தியது: படத்தை மறுபடி வெட்டுவது, நெம்புகோலைக் கழற்றி வெல்ஸ் ஃபார்கோ ஆக்குவது, பிடியின் முதுகில் ஏதோ ஒரு கேப்டன் பெயரைச் செதுக்குவது. உள்நாட்டுப் போர் வீரர் பெயர் இருந்தால் விலை பல மடங்கு என்பதால் பெயர் செதுக்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. எழுத்தின் பள்ளத்துக்குள் உலோகம் மேற்பரப்பைவிடப் புதிதாகத் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, 1950களின் கடைசியிலிருந்து இத்தாலியில் செய்துவரும் நகல்கள். கார்டோனே வால் டிராம்பியா பள்ளத்தாக்கில் உபெர்ட்டி முதலான பட்டறைகள் செய்பவை. நகல் என்று சொல்லி விற்பதால் அவற்றில் குற்றமில்லை, வேலைப்பாடும் நன்றாகவே இருக்கும். அதை வாங்கி, குத்தியிருக்கும் இத்தாலியச் சோதனை முத்திரையையும் (சுட்டுப் பார்த்துத் தாங்கும் என்று சோதித்ததற்கான அடையாளம்) வருடக் குறியையும் அரத்தால் எடுத்துவிட்டு, உப்புநீரில் ஊறப்போட்டு, பாட்டனார் சொத்து என்று விற்கிறவர்தான் குற்றவாளி. நெம்புகோலைக் கீழே இறக்கி அது படுத்திருந்த இடத்தைப் பாருங்கள். முத்திரையோ, அரம் போட்ட தடமோ பெரும்பாலும் அங்கே அகப்படும்.

ஓவல் வளையத்துக்குள் ஈ, எல், ஜி என்ற எழுத்துகள் இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை. பெல்ஜியத்தில் கோல்ட்டின் அனுமதியோடு செய்தவையும் உண்டு, அனுமதி இல்லாமல் செய்தவையும் உண்டு. அவை போலி ஆகாது, அவையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுதான். கோல்ட் விலை கொடுக்காமல் இருந்தால் சரி. பர்மிங்காம், லண்டன் சோதனை முத்திரைகள் ஹார்ட்ஃபோர்டில் செய்த துப்பாக்கிகளிலும் இருக்கும். பிரிட்டனில் விற்க அந்தச் சோதனை கட்டாயம்.

என்ன விலை ஆகும்?

படம் அழிந்து, பழுப்பேறி, ஆனால் எண்கள் ஒத்த 1849 சில நூறு டாலரில் இருந்து கிடைக்கும். நீலமும் படமும் மிச்சமிருந்தால் ஆயிரங்கள். மரப்பெட்டியோடு, எல்லா உபகரணத்தோடு என்றால் என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் கட்டுப்படியாகவில்லை.

மரப்பெட்டி என்றால்?

மகோகனி, வால்நட், ஓக் மரத்தில் செய்த பெட்டி. உள்ளே துப்பாக்கிக்கு ஒரு குழி, மருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, நிப்பிளைத் திருகும் சாவி, கேப் டப்பா. அமெரிக்கப் பெட்டியில் வெல்வெட், ஆங்கிலப் பெட்டியில் பச்சைக் கம்பளித் துணி. பழைய துப்பாக்கியைப் புதிய பெட்டியில் வைத்து விற்பது பெரிய வியாபாரம். துணியில் துப்பாக்கி நூறு வருடம் படுத்த தடம் இருக்கிறதா, அந்தத் தடமும் இந்தத் துப்பாக்கியும் ஒன்றாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஓக் பெட்டியில் ஈயக் குண்டுகளை வைத்து மூடாதீர்கள். அந்த மரம் விடும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும்.

சுட்டுப் பார்த்ததுண்டா?

இல்லை. சுட ஆசை என்றால் இத்தாலிய நகல் இருக்கிறது. பழையதில் இரும்பின் உள்விரிசல் வெளியே தெரியாது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பழைய துப்பாக்கி கையில் வந்தால் வெறுமையாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் எரியும். மருந்தும் குண்டுமாக நிரப்பியபடியே பரணில் கிடந்து வெளியே வந்தவை உண்டு. நிப்பிளில் கேப் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, முன்பக்கத்தில் இருந்து ஒவ்வோர் அறைக்குள்ளும் மெல்லிய மரக் குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். ஏதாவது தட்டினால் நீங்களே தோண்டாதீர்கள், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

லைசென்ஸ் வேண்டாமா? ஊருக்கு எடுத்துப் போகலாமா?

அமெரிக்க மத்தியச் சட்டப்படி 1898இலோ அதற்கு முன்போ செய்தது பழம்பொருள். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், உங்கள் மாநிலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இந்தக் கேப் துப்பாக்கிகளை அலங்காரப் பொருளாக வைத்திருக்கும்வரை விலக்கு உண்டு.

இந்தியாவுக்கு மட்டும் எடுத்துப் போகவே போகாதீர்கள். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழம்பொருளுக்கு விலக்கு தருகிறது, உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ளதற்குத்தான் அது. நல்ல நிலையில் உள்ள 1849 சுடும். சென்னை விமான நிலையத்தில் நின்றுகொண்டு ஓர்ம்ஸ்பியின் வேலைப்பாட்டை விளக்க முடியாது. ஊரில் தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கிறது என்றால் முதலில் வக்கீலைப் பாருங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்புவதற்கு 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும்.

வீட்டில் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

பூட்டிய கண்ணாடி அலமாரி. ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன், நேர் வெயில் படவிடுவதில்லை. தோல் உறைக்குள் வைப்பதில்லை. தோல் ஈரத்தையும் பதனிட்ட அமிலத்தையும் பிடித்துவைத்து இரும்பைத் தின்னும். உறையும் பழசு என்றால் பக்கத்தில் வையுங்கள், உள்ளே அல்ல. தொடுவதற்குக் கையுறை. நம் வியர்வையின் உப்பு, வெறும் கையால் தொட்ட இடத்தில் இரண்டு வாரத்தில் ரேகையாகத் துருப்பிடித்து நிற்கும்.

கொல்வதற்குச் செய்த பொருளை இப்படி அழகு பார்ப்பது உறுத்தவில்லையா?

உறுத்தும். என் மனைவி இதை வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். அலமாரியில் உள்ள ஒன்றாவது யாரையாவது காயப்படுத்தியிருக்கலாம், தெரிந்துகொள்ள வழியில்லை. பிள்ளைகள் கேட்டால் கதையைச் சொல்கிறேன், கையில் கொடுப்பதில்லை.

காசு போடாமல் நல்லவற்றை எங்கே பார்க்கலாம்?

ஹார்ட்ஃபோர்டுக்கு வாருங்கள். கோல்ட் 1862ல் இறந்தார். மனைவி எலிசபெத் அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, 1864 பிப்ரவரியில் எரிந்துபோன ஆலையைத் திரும்பக் கட்டினார். நான் நெடுஞ்சாலையிலிருந்து பார்க்கும் நீலக் கூம்பு அந்தத் திரும்பக் கட்டிய ஆலையுடையது. அவர் விட்டுச்சென்ற சேகரிப்பு வாட்ஸ்வொர்த் அதீனியம் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆலையின் சொந்தச் சேகரிப்பு கனெக்டிகட் வரலாற்று மியூசியத்தில். ஒரே பகலில் இரண்டையும் பார்த்துவிடலாம். புதிதாக ஆலையை விட்டு வந்தபோது நீலம் எப்படி இருந்தது என்று அங்கே ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் எந்த வியாபாரியும் மறுபூச்சை உங்கள் தலையில் கட்ட முடியாது.

நேரம் இருந்தால் ஆலைக்குப் பக்கத்தில் உள்ள குட் ஷெப்பர்ட் தேவாலயத்துக்கும் போங்கள். கணவரின் நினைவாகவும் இறந்த குழந்தைகளின் நினைவாகவும் எலிசபெத் கட்டியது. ஆலைத் தொழிலாளர் நுழைவதற்கென்று இருந்த வாசலில், பூவும் இலையும் செதுக்க வேண்டிய இடத்தில் ரிவால்வர் உறுப்புகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சிலுவைக்குப் பக்கத்திலேயே உருளை, சுத்தி, குழல். தேவாலயம் பூட்டியிருந்தாலும் பரவாயில்லை, அந்த வாசல் வெளியில்தான் இருக்கிறது.